பிள்ளையை நோயாளியின் பக்கத்தில் உட்கார விடுங்கள்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில், வயதானவர்கள் அதிகம் தங்கும் வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மருத்துவம் போன்ற படிப்புகளுக்குத் தயாராகிக் கல்லூரியில் பிரீ-மெட், பிரீ-ஹெல்த் என்று படிக்கும் பிள்ளைகள் எங்கள் வார்டுக்குத் தன்னார்வலர்களாக வருகிறார்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் நிறைய. தொண்டருக்கான மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்கும் அந்த முதல் நாள் முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அவர்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பொங்கல் விழாவிலும் பிறந்தநாள் விருந்திலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் என்னைப் பார்த்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "அக்கா, வாலன்டியரிங் எத்தனை மணி நேரம் பண்ணினா மெடிக்கல் ஸ்கூலுக்குப் போதும்?" பிள்ளை பக்கத்திலேயே நிற்கும். அது தலையைக் குனிந்துகொள்ளும். இந்தக் கேள்வியைக் கேட்கும் உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வார்டில் வந்து நிற்கும் பிள்ளையைக் கெடுப்பது இந்த ஒரு கேள்விதான் என்று நான் நம்புகிறேன். மணியை எண்ணிக்கொண்டு வரும் பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கும், நோயாளியைப் பார்க்காது.

முதலில் விண்ணப்பத்தைப் பற்றியே பேசிவிடுவோம். எல்லா மருத்துவக் கல்லூரிகளுக்கும் பொதுவாக இத்தனை மணி நேரம் என்று ஓர் எண் கிடையாது. சில கல்லூரிகள் தங்கள் எதிர்பார்ப்பைத் தங்கள் இணையதளத்திலேயே சொல்லியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டமான எம்.டி. படிப்புக்கான பொது விண்ணப்பம் ஆம்காஸ். அதில், பிள்ளை செய்த வேலை, தொண்டு, ஆய்வு, விருது எல்லாவற்றுக்கும் சேர்த்து அதிகபட்சம் 15 இடங்கள்தான். ஒவ்வொன்றிலும் மணிக்கணக்கை எழுத ஒரு சின்னக் கட்டம், செய்ததை விவரிக்க 700 எழுத்துகள். அவற்றில் மூன்றை மட்டும் தனக்கு மிகவும் முக்கியமானவை என்று பிள்ளை குறிக்கலாம். அந்த மூன்றுக்கும் தலா 1325 எழுத்துகள் கூடுதலாகக் கிடைக்கும். டெக்சஸ் மாநிலக் கல்லூரிகளுக்கும் டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகளுக்கும் வேறு விண்ணப்பங்கள் உண்டு. அளவுகள் மாறும், சங்கதி அதேதான். மணிக்கணக்குக் கட்டத்தை நிரப்புவது பெரிய காரியமில்லை. அந்த 1325 எழுத்துகளுக்கு முன்னால் உட்கார்ந்துதான் பிள்ளைகள் திணறுகிறார்கள். சொல்வதற்கு ஒரு மனிதர் கூட நினைவுக்கு வராமல் போவதுதான் காரணம்.

ஒரு செமஸ்டர் இங்கே, ஒரு கோடை அங்கே, மூன்று வாரம் இன்னோர் இடத்தில் என்று பிள்ளையை ஓட விடுகிறோம். விண்ணப்பத்தில் நாலைந்து இடத்தின் பெயர் வந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வார்டில் இருந்து பார்க்கிற எனக்கு இது வீண் அலைச்சலாகவே தெரிகிறது. புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் சில வாரங்கள் போர்வை எங்கே இருக்கிறது, எந்த நர்ஸிடம் எப்போது பேசலாம் என்று பழகவே சரியாக இருக்கும். பழகிய பிறகுதான் நாங்கள் அவர்களை நம்பி, "நாலாம் அறையில் இருக்கிற பெரியவர் காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை, கொஞ்சம் போய் உட்காரு" என்று அனுப்புவோம். அந்த நேரம் வரும்போது நம் பிள்ளை அடுத்த இடத்துக்குப் போயிருக்கும்.

வார்டில் ஒரு மாலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள். கதவருகே சுவரில் இருக்கும் கிருமிநாசினி நுரையைக் கையில் தேய்த்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வெளியே வரும்போதும் அப்படியே. கதவில் தனிமைப்படுத்தல் அறிவிப்பு தொங்கினால் பெரும்பாலான மருத்துவமனைகளில் தன்னார்வலர் உள்ளே போகவே கூடாது. குடலைத் தாக்கும் சி-டிஃப் என்ற கிருமி இருக்கும் அறை என்றால் அந்த நுரை போதாது, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும் என்பதையும் பிள்ளை அங்கேதான் தெரிந்துகொள்ளும். சரி, சாதாரண அறை ஒன்றுக்குள் போகிறது. படுக்கையில் இருக்கும் பாட்டி தாகமாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் கொடு என்று கேட்கிறார். நம் வளர்ப்புக்குக் கை உடனே டம்ளரைத் தேடும். கொடுக்கக் கூடாது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை இருக்கலாம், வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்ற உத்தரவு இருக்கலாம். பக்கவாதம் வந்து, விழுங்க முடிகிறதா என்று இன்னும் சோதிக்காத நிலையாக இருந்தால், ஒரு வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். "நர்ஸிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லி, எங்களைத் தேடிப் பிடித்து, கேட்டு, திரும்பிப் போய்ப் பாட்டியிடம் பதில் சொல்ல வேண்டும். இல்லை என்ற பதிலாக இருந்தாலும் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். பல பிள்ளைகளுக்கு அந்தத் திரும்பிப் போவதுதான் கஷ்டம். அதைப் பழகியவர்களை நான் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வேன்.

அடுத்த அறையில் இருப்பவர் கையில் மஞ்சள் பட்டை, காலில் வழுக்காத மஞ்சள் காலுறை. பல மருத்துவமனைகளில் அது கீழே விழும் அபாயம் உள்ளவர் என்பதற்கு அடையாளம். பாத்ரூம் வரைக்கும் கையைப் பிடித்துக்கொள் என்று அவர் கெஞ்சுவார். எழுப்பக் கூடாது. அழைப்பு மணியை அழுத்திவிட்டு, நாங்கள் வரும்வரை பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்கலாம். உதவ நினைக்கும் மனசுக்கும் உதவத் தகுதி இருக்கிறதா என்ற கேள்விக்கும் நடுவில் ஒரு பிள்ளை நிற்கும் இடம் அது. பின்னாளில் மருத்துவராக ஆகிறவருக்கு இதைவிட முக்கியமான பாடம் முதல் வருடத்தில் கிடைக்காது என்பது என் எண்ணம்.

"சும்மா உட்கார்ந்து பேசுவதில் என்ன இருக்கிறது, எமர்ஜென்சியில் போடச் சொல்லுங்கள்" என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சும்மா உட்கார்ந்து பேசுவதில் என்ன இருக்கிறது என்பதற்கு மருத்துவ உலகிலேயே பதில் இருக்கிறது. வயதானவர்கள் மருத்துவமனையில் படுத்தால் திடீரென்று இடம், நேரம் தெரியாமல் குழம்பிப்போவார்கள். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று மகளை அடையாளம் தெரியாமல் டியூபைப் பிடுங்குவார். இதை டெலிரியம் என்கிறோம். இது வந்தவர்கள் கூடுதல் நாள் படுக்கையில் கிடப்பார்கள். சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் மருத்துவர் ஷாரன் இனோயியும் குழுவினரும் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 1999இல் வெளியிட்டார்கள். வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. கூடுதல் கவனிப்புப் பெற்றவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

அந்தக் கூடுதல் கவனிப்பு என்ன தெரியுமா? புது மருந்து எதுவும் இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிவிடுவது, காது மெஷினைத் தேடி எடுத்துக் கொடுப்பது, இன்று என்ன கிழமை என்று பேச்சோடு பேச்சாக நினைவூட்டுவது, எழுப்பி நடக்க வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, தூக்க மாத்திரைக்குப் பதிலாகப் படுக்கும் முன் சூடாகப் பாலோ மூலிகைத் தேநீரோ கொடுத்து முதுகைத் தடவிவிடுவது. இதில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் இதற்கென்றே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். ஹாஸ்பிடல் எல்டர் லைஃப் புரோகிராம் என்ற அந்தத் திட்டத்தைச் சுருக்கமாக 'ஹெல்ப்' என்று அழைக்கிறார்கள். உங்கள் பிள்ளை படிக்கும் ஊரில் இருக்கும் மருத்துவமனையில் இது நடக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். நடந்தால் அதில் சேரட்டும். எமர்ஜென்சி தன்னார்வலர் வேலை பெரும்பாலும் ஸ்ட்ரெச்சருக்கு விரிப்பு மாற்றுவதும் போர்வை அடுக்குவதும்தான். அதுவும் தேவையான வேலையே. ஆனால் ஒரே நோயாளியோடு அரை மணி நேரம் பேசும் வாய்ப்பு அங்கே அரிது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் சமூகத்தில் சில வேலைகளைப் பற்றி ஒரு முகச்சுளிப்பு இருக்கிறது. செவிலிய உதவியாளர் வேலைக்கு, அதாவது சி.என்.ஏ. பயிற்சிக்குப் போகிறேன் என்று ஒரு பெண் வீட்டில் சொன்னால், "பெட்பேன் எடுக்கவா உன்னைப் படிக்க வைக்கிறோம்?" என்று கேட்டு முடித்துவிடுகிறோம். மத்திய அரசு விதிப்படி அந்தப் பயிற்சி குறைந்தது 75 மணி நேரம். பல மாநிலங்களில் அதைவிடக் கூடுதல். முடித்தால் சம்பளத்தோடு வேலை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் கையால் செய்து கற்கலாம். மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் பிஸிஷியன் அசிஸ்டன்ட் வேலைக்கான படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுடைய பொது விண்ணப்பமான காஸ்பாவில் நோயாளியை நேரடியாகப் பராமரித்த அனுபவம் தனி வகை, மற்ற மருத்துவச் சூழல் அனுபவம் தனி வகை, தொண்டு தனி வகை. வரவேற்பு மேசையில் இருந்ததை முதல் வகையில் எழுத முடியாது. எங்கள் வார்டில் ஒரு சி.என்.ஏ. வராத நாளில் நாங்கள் படும் பாட்டை ஒருமுறை பார்த்தால் அந்த முகச்சுளிப்பு உங்களுக்குப் போய்விடும்.

சேர்வதற்கான வழி எளிது, ஆனால் நாள் பிடிக்கும். பெரும்பாலான மருத்துவமனைகளில் தன்னார்வலர்களுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கும். விண்ணப்பம், நேர்காணல், குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்றுகள், ஃப்ளூ ஊசி, காசநோய்ச் சோதனை, பிறகு பயிற்சி வகுப்பு. எல்லாம் முடிந்து முதல் ஷிஃப்ட் கிடைக்க வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஆகும். பல இடங்களில் குறைந்தது ஆறு மாதம் அல்லது 100 மணி நேரம் வருவேன் என்று ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்பார்கள். மூன்றாம் வருடக் கோடையில் தொடங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

காசநோய்ச் சோதனையில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிறந்தவுடன் பிசிஜி ஊசி போட்டிருப்பார்கள். மேல் கையில் தழும்பு இருக்கும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பழைய சோதனையில், அந்தத் தடுப்பூசியாலேயே கிருமி இருப்பது போல வீக்கம் காட்டக்கூடும். அதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவதையும் எக்ஸ்ரே எடுக்க ஓடுவதையும் கண்டிருக்கிறேன். பிசிஜி போட்டிருக்கிறது என்று முதலிலேயே சொல்லி, இரத்தச் சோதனையாகவே எடுக்க முடியுமா என்று கேட்கலாம். குவான்டிஃபெரான் போன்ற இரத்தச் சோதனைகளை பிசிஜி பாதிப்பதில்லை.

இந்த வேலைகளை எல்லாம் பிள்ளையே செய்யட்டும். தன்னார்வலர் அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். மகன் சார்பில் அம்மா பேசுகிறார் என்றதுமே அங்கே இருப்பவர் மனதில் அந்த விண்ணப்பம் ஒரு படி கீழே இறங்கிவிடும். பதினெட்டு வயது தாண்டிய பிள்ளை தானாக ஒரு மின்னஞ்சல் எழுதி, பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் எழுதுவதும் இந்தப் பயிற்சியில் சேர்த்திதான்.

இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். கோடை விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போகும்போது மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ தெரிந்த மருத்துவமனையில் பிள்ளையை ஒரு மாதம் விடுகிறோம். அங்கே யாரும் தடுப்பதில்லை. பச்சை உடையைப் போட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப் போகிறார்கள். பிரசவ அறையில் நிற்க விடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை என்று ஊசி போடவும் ஒரு தையல் போடவும் கூடக் கொடுப்பதாகப் பிள்ளைகளே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அதை ஒரு வாய்ப்பாகத்தான் நினைக்கிறீர்கள். கொஞ்சம் அந்தப் படுக்கையில் இருப்பவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற ஓர் அம்மா, கையில் காசில்லாமல் வந்து படுத்திருக்கிறார். அவரிடம் யாரும் இந்தப் பெண் இன்னும் மருத்துவம் படிக்கத் தொடங்கவே இல்லை என்று சொல்லவில்லை. அவர் உடம்பில் நம் பிள்ளை பழகுகிறது. உங்கள் தாயார் உடம்பில் அப்படி யாரும் பழக நீங்கள் விடுவீர்களா?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. இதற்காகவே 2011இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வெளிநாட்டுக்குப் போகும் மாணவர்கள் தங்களுக்குப் பயிற்சி இல்லாத காரியத்தில் கை வைக்கக் கூடாது, நோயாளியின் நலன்தான் முதலில் என்பதே அதன் சாரம். அதனால், உள்ளூரில் செய்ய அனுமதி இல்லாததை வெளியூரில் செய்ததாக எழுதினால் நேர்காணலில் அது பிள்ளைக்கு எதிராகவே திரும்பக்கூடும். ஊருக்குப் போனால் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. புறநோயாளிகள் பிரிவில் மருத்துவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளியிடமும் நான் மாணவர், இங்கே இருக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கவனிக்கட்டும். பஸ் காசு, கூலி இழப்பு, மாத்திரையைப் பாதியாகச் சாப்பிட்டு நாள் கடத்துவது எல்லாம் காதில் விழும். கையில் ஊசி எதற்கு?

தமிழ் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே வார்டில் இன்னொரு சோதனை வரும். மகனைப் பார்க்க வந்த இடத்தில் உடம்பு முடியாமல் போய்ப் படுத்திருக்கும் நம்மூர்ப் பாட்டி ஒருவர் வார்டில் இருப்பார். அவசரத்தில் ஒரு மருத்துவர், "உனக்குத் தமிழ் தெரியுமே, ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்" என்பார். பிள்ளைக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் பணிவாக மறுக்க வேண்டும். மத்திய அரசின் பணம் பெறும் மருத்துவமனைகள், ஆங்கிலம் தெரியாத நோயாளிக்குத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும் அதன் விதிகளும் இதைச் சொல்கின்றன. போனிலோ வீடியோவிலோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். நோய்க்கான விளக்கம், மருந்தின் அளவு, சம்மதக் கையெழுத்து ஆகிய இடங்களில் வீட்டுத் தமிழ் போதாது. பிள்ளை செய்ய வேண்டியது, இவருக்குத் தமிழ்தான் தெரியும், மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள் என்று எங்களுக்கு நினைவூட்டுவது.

அதை முடித்துவிட்டு, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊர், எத்தனை பேரப்பிள்ளைகள் என்று பேசட்டும். அதற்கு எந்தத் தடையும் இல்லை. நான்கு நாளாக யாரும் தன் மொழியில் பேசாத அறையில் ஒரு பிள்ளை வந்து "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்கும்போது அந்த முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பெற்றோர் இங்கே வந்து படுத்தாலும் இது உங்களுக்கு உதவும். எல்லாவற்றையும் நீங்களே மொழிபெயர்த்துக்கொண்டு, பாதியை அப்பா பயப்படுவார் என்று மறைக்காமல், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வீட்டில் நீங்கள் காக்க வேண்டிய ஓர் ஒழுங்கும் இருக்கிறது. 1996இல் வந்த ஹிப்பா சட்டத்தின்படி, நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது. சம்பளம் வாங்காத தன்னார்வலரையும் இந்த விஷயத்தில் மருத்துவமனையின் ஊழியராகவே விதி கணக்கில் எடுக்கிறது. "உங்க வார்டில்தானே நம்ம கார்த்திக் மாமாவோட மாமியாரை அட்மிட் பண்ணியிருக்காங்க, எப்படி இருக்காங்க?" என்று சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகக் கேட்டுவிடுகிறோம். அக்கறையால் கேட்பதுதான். ஆனால் பதில் சொன்னால் அந்தப் பிள்ளையின் இடம் போய்விடும். மேல்சட்டையோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுகிறேன் என்று கேட்பதும் அப்படித்தான். பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகையில் ஒரு நோயாளியின் பெயர் இருக்கும். பெயர், நோய், அறை எதுவும் கேட்காமல், இன்றைக்கு உனக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். சில நாள் பதில் வராது. சில நாள் பிள்ளை அழும். பக்கத்தில் இருங்கள்.

அழுகை என்றதும் ஹாஸ்பிஸ் நினைவுக்கு வருகிறது. இனி குணப்படுத்தும் சிகிச்சை வேண்டாம், வலியில்லாமல் இருந்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு அது. அங்கே தன்னார்வலர்கள் எப்போதும் தேவை. முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதிப்படியே, ஊதியம் பெறும் ஊழியர்கள் நோயாளிப் பராமரிப்புக்குச் செலவிடும் மொத்த நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்கு ஈடான நேரத்தை ஹாஸ்பிஸ் அமைப்பு தன்னார்வலர்கள் மூலம் தர வேண்டும். ஆனால் ஹாஸ்பிஸ் என்றதும் நம் வீடுகளில், "இந்த வயசுல சாகிறவங்க பக்கத்துல எதுக்கு உட்காரணும்?" என்று தடுத்துவிடுகிறோம். ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் சாண்ட்ரா கிளார்க் என்ற செவிலியர், உறவு என்று யாரும் இல்லாத நோயாளிகள் கடைசி நேரத்தில் தனியாக இருக்கக் கூடாது என்று 2001இல் ஒரு தன்னார்வத் திட்டத்தைத் தொடங்கினார். பிறகு அது நாடெங்கும் பல மருத்துவமனைகளுக்குப் பரவியது. வருகிறவர் செய்வது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, உதட்டை நனைத்துவிடுவது, விரும்பிய பாட்டைப் போடுவது. மருத்துவராகப் போகிற பிள்ளை ஒரு நாள் மரணத்தைப் பார்த்தே தீரும். நாற்பது வேலைகளுக்கு நடுவில் அவசரமாகப் பார்ப்பதற்கு முன்னால், வேறு எந்தப் பொறுப்பும் இல்லாமல் அமைதியாக உட்கார்ந்து பார்க்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் தடுக்காதீர்கள். விருப்பம் இல்லையென்றால் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

எஃப்-1 விசாவில் வந்து படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஊரில் இருந்து இதைப் படிக்கக்கூடும். சம்பளம் இல்லையென்றால் எதையும் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். மற்றவர்கள் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்வது விசா விஷயத்தில் சிக்கலாகலாம். சேரும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பல மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை என்பதையும் முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பிள்ளைகளே, உங்களிடம் கொஞ்சம். உள்ளே போனதும் பெயரைச் சொல்லுங்கள். நான் தன்னார்வலர், நர்ஸ் இல்லை என்று சொல்லுங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். தேர்வு வாரத்தில் வர முடியாதென்றால் முன்னாலேயே சொல்லுங்கள்; சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், உங்களுக்காக ஒருவர் காத்திருப்பார். வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள். பெயரோ நோயோ அறையோ வேண்டாம், உங்களுக்குள் என்ன நடந்தது என்பது மட்டும். இரண்டு வருடம் கழித்து விண்ணப்பம் எழுதும்போது அந்த நோட்டு கைகொடுக்கும். மருத்துவரோடு கூட இருந்து அவர் வேலையைக் கவனிப்பது வேறு, தொண்டு வேறு, இரண்டும் தேவை. வார்டில் சில மாதம் ஒழுங்காக வந்தவர் கேட்டால் எங்கள் மருத்துவர்கள் மறுப்பது அபூர்வம். யாருடைய சிபாரிசும் வேண்டியிருக்காது.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. சில பிள்ளைகள் இங்கே வந்து பார்த்துவிட்டு, இது எனக்கானது இல்லை என்று முடிவெடுப்பார்கள். இரத்தத்தைப் பார்த்துப் பயந்து மட்டும் இல்லை. நோயாளிகளோடு இருப்பதைவிட ஆய்வுக்கூடத்தில் இருப்பது பிடிக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். பிஸியோதெரபி, மருந்தியல், பொது சுகாதாரம் என்று வேறு வழி தெரியும். ஒரு பெண் எங்கள் வார்டில் வந்து பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவர் பக்கவாத நோயாளியிடம் மறுபடி முதல் சொல்லை வரவழைப்பதைப் பார்த்து, அந்தப் படிப்புக்கே போனாள். அவள் வீட்டில் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. இருபது வயதில் இதைத் தெரிந்துகொள்வது, முப்பது வயதில் பெருங்கடனோடு தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல். அந்த முடிவோடு பிள்ளை வீட்டுக்கு வரும்போது கதவைத் திறந்து வையுங்கள்.

ஆகஸ்டில் கல்லூரிகள் திறக்கும்போது தன்னார்வலர் அலுவலகங்களில் கூட்டம் நெரியும். அதற்கு முன்னாலேயே தடுப்பூசிச் சான்றுகளைத் தேடி எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். ஊரில் போட்ட ஊசி அட்டை தாத்தா வீட்டு பீரோவில் இருந்தால் இப்போதே போன் செய்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வார்டு எது வேண்டும் என்று கேட்டால் முதியோர் வார்டைக் கேட்கச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள், எப்போதும் அதே கிழமை, அதே வார்டு, குறைந்தது ஒரு வருடம். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
வார்டில் உங்கள் பிள்ளைகளோடு வேலை பார்க்கும் ஒரு செவிலியர்